தீர்மானம் நான்கு

தலைவர் என்று என் பெயருக்குக் கீழே அச்சடித்திருக்கிறது.
முனிரத்தினம்மா, எட்டாம் வகுப்பு வரை,
தளி ரோட்டு ரோஜாக் கொட்டகையில் தினக்கூலி.
மல்லேதொட்டி தொடக்கப் பள்ளிக்கு
முப்பத்தேழு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்.
அதில் ஒருவருக்கு இது ஒன்பதாம் மாதம்.

பிரிசில்லா டீச்சர் படியேறும்போது
ஒன்றாம் வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது.
சுவருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் நுழைய முடியாதென்று
பிள்ளைகளே பெஞ்சை இழுத்துப் போட்டிருந்தார்கள்.
ஒரு வருஷம் லீவு, முழுச் சம்பளம்.
சட்டம் அது. நல்ல சட்டம்.
எனக்கு முப்பத்திரண்டாம் நாளே கையில் கத்தரிக்கோல்.
பிப்ரவரி ஆர்டர்.
பால் கட்டி ரவிக்கை நனைய
இருபது இருபதாய்ப் பூக்கட்டு போட்டேன்.
அதைச் சொல்ல வரவில்லை இங்கே.

மாதேஸ்வரன் சார் நோட்டீஸ் எழுதி
ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் ஒட்டினார்.
தற்காலிகம் என்ற சொல்லுக்கு அடியில்
ஸ்கேல் வைத்து இரண்டு கோடு.
தொகுப்பூதியம் பன்னிரண்டாயிரம்.
வந்தது மூன்று பேர்.

திம்மராயன்.
தகுதித் தேர்வில் தேறிப் பதினோரு வருஷம்.
லேமினேட் போட்ட சான்றிதழில் காற்றுப் புகுந்து
ஓரமெல்லாம் குமிழ்.
நிரந்தரம் ஆக வழி உண்டா என்று கேட்டார்.
சார் மின்விசிறியைப் பார்த்தார்.

கோகிலவாணி எல்லாவற்றுக்கும் சரியாய்ப் பதில் சொன்னாள்,
பாடத்திட்டம், செயலி, வருகைப் பதிவு.
நான் ஒன்றுதான் கேட்டேன்:
ஒரு பிள்ளை எழுந்து “நீள்ளு” என்றால்
என்ன செய்வீங்க?
“நீளம்னு திருத்துவேன்.”
வார்டு மெம்பர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இங்கே பாதி வீட்டில் தெலுங்கு, கால் வீட்டில் கன்னடம்.
பள்ளிக்கூட வாசலில்தான் தமிழ் ஆரம்பிக்கும்.
மற்றதைத் திருத்தலாம். தாகத்தைத் திருத்தலாமா?

கெலமங்கலத்து ஹேமாவதி
நீள்ளு என்றதும்
ஜன்னலோரக் குடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.
பதில் அவ்வளவுதான்.
தோளில் ஐந்து மாதக் கைக்குழந்தை, வாய் பிளந்த தூக்கம்.
முன்பிருந்த மெட்ரிக் பள்ளியில்
வயிறு தெரிந்த மாதமே கணக்கு முடித்துவிட்டார்களாம்.
குறையாய்ச் சொல்லவில்லை,
அனுபவம் எந்தத் தேதி வரை என்று கேட்டதற்குச் சொன்னாள்.

பிள்ளையை எங்கே விடுவீங்க?
“மேலே ஒரு கொக்கி இருக்குதுங்க.”
எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம்.
இரண்டாவது மின்விசிறிக்காக
நாலு வருஷமாய்க் காத்திருக்கிற கொக்கி.

பாடம் எடுப்பாளா தொட்டில் ஆட்டுவாளா என்று
மெம்பர் தொடங்கினார்.
மூலை நாற்காலியில் இடுப்பில் கையூன்றி
அதுவரை பேசாதிருந்த பிரிசில்லா டீச்சர் சொன்னார்:
“திரும்பி வரும்போது எனக்கும் வேணும் சார், அந்தக் கொக்கி.”
மெம்பர் டீயை எடுத்துக்கொண்டார்.

வெளியே திம்மராயன் வண்டியைக் கிளப்பினார்.
யானை இறங்குகிற நேரம், ஐந்தேகால் பஸ்ஸும் போய்விட்டது,
கோகிலவாணியைக் கூட்டு ரோடு வரை ஏற்றிக்கொண்டு போனார்.
ஒரே வேலைக்கு வந்தவர்கள்.
வழியில் என்ன பேசியிருப்பார்கள்?

தீர்மான நோட்டில் சார் எழுதினார்:
உரிய ஆசிரியர் பணிக்குத் திரும்பும் நாள் வரை.
உரிய என்பதை இரண்டு தடவை படித்தேன்.
அந்த நாள் வரும்போது
ஹேமாவதியின் பிள்ளை நடக்கும்.
தொட்டில் அவிழ்த்து இன்னொன்று கட்டுவார்கள்,
அது அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு
கேட்டைத் தாண்டும்.

கையெழுத்துப் போட எனக்கு நேரமாகும்.
முனி என்பது வரை எழுதி நிறுத்தி
சம்பளம் எந்தத் தேதி சார் என்றேன்.
நிதி வந்ததும் என்றார்.
போன தடவை எப்போது வந்தது?
அவர் பேனா மூடியைத் தேடினார்.
மூடி என் கையில் இருந்தது.
மீதி எழுத்தையும் போட்டேன்.